நூல் கட்டிய பூக்கள்

மூலனூர்,
புரட்டாசி 22

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

ஆடிப்பெருக்கன்று உன் குரலைக் கேட்டதுதான். அதற்குப் பிறகு "நலம், வேலை அதிகம்" என்று இரண்டு சொல் வருகிறது. உன் அண்ணன் போன வாரம் ஏதோ சொன்னான். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

கண்வலிக்கிழங்குச் செடி பூத்துவிட்டது. காலையில் பனி இறங்குவதற்குள் பந்தல் பந்தலாகப் போய் மகரந்தம் தொட்டு வைக்கிறோம். ஒவ்வொரு பூவைத் தொடும்போதும் நீ சொன்னது நினைவுக்கு வருகிறது. இந்த விதையில் இருக்கிற கால்ச்சிசின் என்ற மருந்தால்தான் தர்ப்பூசணியின் குரோமோசோம், அதுதான் அந்த மரபு இழை, இரட்டிக்கிறது என்று அப்பத்தாவுக்குச் சொன்னாயே. திண்ணையில் தட்டைப்பயறைப் பரப்பி, சாதாரணக் கொடிக்கு 22 பயறை ஒரு பக்கம், இரட்டித்த கொடிக்கு 44 பயறை மறுபக்கம் வைத்தாய். இரண்டிலும் பாதி பாதி எடுத்துச் சேர்த்தால் 33. அது மூன்று பங்காக நிற்பதால் ஜோடி சேர முடியாமல் விதை பிடிப்பதில்லை என்றாய். அப்படியும் அந்தக் கொடி காய்க்க வேண்டுமானால் பக்கத்தில் சாதாரணக் கொடியின் மகரந்தம் வேண்டும் என்றதும், "விதையே இல்லாத காய்க்கு எதற்கடி மகரந்தம்?" என்று அப்பத்தா விடாமல் கேட்டாள். நீயும் சலிக்காமல் பதில் சொன்னாய். கண்ணை மூடும்வரை அவள் வருகிற போகிறவரிடமெல்லாம் அந்தக் கணக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிஹாரா என்ற பெரியவர் விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கிய அதே ஜப்பான் கியோட்டோவில் என் மகள் இருக்கிறாள் என்று நான் பஸ்ஸில்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் 1951இல் அதைப் பற்றி எழுதினார் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ கோயம்புத்தூரில் படித்தபோது கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு எங்களைக் கூட்டிப்போனாய். வெள்ளைக் கரும்பையும் ஆற்றோர நாணலையும் சேர்த்து 1918இல் வட நாட்டுக்கு ஒரு கரும்பு கொடுத்த இடம் இது என்றாய். தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள் 1934இல் இங்கே வந்து, கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்து, அதன் குரோமோசோம்களை எண்ணினார் என்றும் சொன்னாய். அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது நீ இன்னொன்றும் சொன்னாய்: "நுண்ணோக்கிக் கண்ணாடியில் என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுத வேண்டும் அம்மா. ஒன்று கூடினால் கூடியது, குறைந்தால் குறைந்தது."

அப்படிச் சொன்ன பிள்ளை இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வேன்? இவ்வளவு தூரம் அனுப்பியது இரண்டு சொல்லுக்காகவா? சாப்பிடுகிறாயா? குளிருக்குக் கம்பளி வாங்கினாயா?

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை எழுத வேண்டும்.

நீ மூன்றாம் வகுப்புப் படித்தபோது நான் பருத்தி விதைக் காட்டில் கிராசிங் வேலைக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். நாளை விரியப் போகிற மொட்டைச் சாயங்காலமே தேடி, கட்டைவிரல் நகத்தால் இதழையும் மகரந்தப் பைகளையும் கிள்ளிவிட்டு, சிவப்புக் காகிதம் மூடுவோம். மறுநாள் காலை ஆண் செடிப் பூவைக் கொண்டுவந்து தொட்டு, காம்பில் நூல் கட்டுவோம். நூல் கட்டிய காய்தான் ஒட்டு விதைக்குப் போகும். ஒரு சாயங்காலம் உனக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. இரண்டு சால் செடியைக் கிள்ளாமல் விட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு தாராபுரத்துக்கு ஓடினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் இரண்டு சாலும் பூவாக விரிந்து நிற்கிறது. எல்லாவற்றையும் பறித்து எறிந்திருக்க வேண்டும். கூலி போய்விடும், மேற்பார்வையாளர் கத்துவார். நான் எல்லாப் பூவுக்கும் நூல் கட்டிவிட்டேன். கட்டிய பிறகு எனக்கே எது சரியான பூ, எது பொய்ப் பூ என்று தெரியவில்லை.

அடுத்த பருவம் அந்த விதையை விதைத்துப் பார்த்தபோது வேறு செடிகள் கலந்து நின்றன. காட்டுக்காரருக்குப் பணம் வரவில்லை. யார் செய்தது என்று கேட்டபோது எல்லோரும் கிழக்கு வளவுப் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவருக்கு அப்போதே கண்ணில் புரை. "எனக்குத் தெரியாமல் விட்டிருப்பேன்" என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் அந்த வேலைக்குக் கூப்பிடவில்லை. நான் அவருக்கு அடுத்த சாலில் நின்றுகொண்டிருந்தேன் அம்மிணி. வாயைத் திறக்கவில்லை. உனக்குக் காய்ச்சல் என்று இத்தனை வருடம் எனக்கு நானே காரணம் சொல்லி வந்திருக்கிறேன். காய்ச்சலுக்காக ஓடியது தப்பில்லை. நூல் கட்டியதுதான் தப்பு. அதைவிட, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நேற்றுகூட அவர் முருங்கைக்காய் கொடுத்துவிட்டு, "நம்ம அம்மிணி பேசுச்சா?" என்று கேட்டார். பேசியது என்று சொன்னேன்.

அங்கே ஏதாவது கணக்கு பிசகியிருந்தால், அது உன்னால் என்றாலும், வேறொருவர் பேரில் விழுகிற மாதிரி இருந்தாலும், எனக்குச் சொல். படிப்பு முடியாவிட்டாலும் போகட்டும். நீ வந்தால் உன் அறையில் இருக்கிற வெங்காய மூட்டையை எடுத்துவிடச் சொல்கிறேன். டிக்கெட்டுக்குக் கடந்த வருட விதைப் பணம் அப்படியே இருக்கிறது, அப்பாவுக்குத் தெரியும். வேளைக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை பூ வேலை முடித்து 11 மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். உனக்கு அப்போது மதியம் இரண்டரை. அண்ணன் சந்தைக்குப் போயிருப்பான், அப்பா தோட்டத்தில் இருப்பார். ஃபோன் என் கையில்தான் இருக்கும்.

அம்மா