மழைக்கு ஒதுங்க நெல்லுக்கு ஒரு கூரை கொடுங்கள்

நெல் கொள்முதலுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு, கன்னியாகுமரி மாவட்டம் தோவாளைப் பக்கத்து விவசாயி ஒருவன் வணக்கத்துடன் எழுதுவது.

முதல் போக நெல்லான கன்னிப்பூ அறுப்பு எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, ஒன்று போய் மற்றது வருவதற்கு நடுவில் இடியோடு கொட்டும் என்பதும் தெரியும். தெரிந்தும் கொள்முதல் நிலையத்தில் ஒரு கூரை இல்லை, உலர்த்தும் மிஷின் இல்லை.

நான் நெல்லைக் கொண்டு வந்த அன்று ஈரப்பதம் 21 சதவீதம். 17-க்கு மேல் எடுக்க மாட்டோம் என்றார்கள். சரி, விதி. களம் கிடந்த இடத்தில் இப்போது வீடு நிற்கிறது, அதனால் ரோட்டில் விரித்தேன். காலையில் விரிப்பது, மேகம் கறுத்ததும் நானும் வீட்டுக்காரியும் ஓடிப்போய்க் குவித்துத் தார்ப்பாய் போடுவது, மழை விட்டதும் மறுபடி விரிப்பது, நடுவில் பைக்கில் போகிறவர்களின் ஏச்சையும் வாங்கிக்கொள்வது என்று மூன்று நாள். மூன்றாம் நாள் ராத்திரி அடியில் தண்ணீர் புகுந்துவிட்டது. விடிந்து கைவிட்டுப் பார்த்தால் குவியலுக்குள் சூடு, அடுத்த நாள் வெள்ளையாக முளை. அப்புறம் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தேன். அந்த விலையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

2022 மார்ச்சில் வடக்கே வெயில் கொளுத்தி, பால் பிடிக்கிற நேரத்தில் கோதுமை மணி சுருங்கிப் போனது. சுருங்கிய மணி 6 சதவீதம் வரைதான் என்ற வரம்பை மத்திய அரசு பஞ்சாப், அரியானாவில் 18 வரை தளர்த்தி, விலையும் குறைக்காமல் வாங்கியது. நல்லது, அவர்களும் விவசாயிகள்தானே. நமக்கும் ஈரப்பதத்தைத் தளர்த்துவதுண்டு. குழு வந்து, மாதிரி அள்ளிப் போய், டெல்லியில் கையெழுத்தாகி வருவதற்குள் நெல் நாற்றாகிவிடும், அதையே நட்டு அடுத்த போகமான கும்பப்பூவைத் தொடங்கிவிடலாம்.

தளர்த்துவது எங்கள் கையில் இல்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஒரு கூரைக்கும் ஒரு மிஷினுக்குமா டெல்லி உத்தரவு வேண்டும்? வயலெல்லாம் வாழையும் பிளாட்டும் ஆகிறது, நெல் பரப்பு குறைகிறது என்று கூட்டம் போட்டு வருத்தப்படுகிறீர்கள். அந்தக் கூட்டம் நடக்கிற மண்டபத்துக்கு நல்ல கூரை இருக்கிறது.

கோபத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாசியில் கும்பப்பூ அறுப்பு வருகிறது. அதற்குள் கூரையும் உலர்த்தும் மிஷினும் வைத்துத் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கரண்டுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்டாலும் கொடுக்கத் தயார்.