எழும்பூருக்குப் போன மண்பானைகளும் எங்கள் வீட்டுப் படங்களும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: ஊரின் பழைய புகைப்படங்களையும் புழங்குபொருள்களையும் பாதுகாக்க ஓர் அறையும் அருங்காட்சியக உதவியும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் பழைய புகைப்படம் ஒன்று தொங்குகிறது. வரிசை வீடுகளுக்கெல்லாம் புல் கூரை. இன்று தேயிலை நிற்கும் சரிவில் அன்று சாமை விளைந்திருக்கிறது. இடது ஓரத்தில் ஓர் எருமை. படம் பிடித்த நேரத்தில் தலையைத் திருப்பிவிட்டதால் அதற்கு முகமே இல்லை. போன மழையில் ஈரம் இறங்கிப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்கப் பார்த்தோம், நின்றிருந்த நால்வரில் இருவர் முகம் கண்ணாடியோடு போய்விட்டது. மற்ற வீட்டுப் படங்களில் நாங்கள் கை வைக்கவில்லை.

நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் பட்டறையில் அடித்த அரிவாள், கோத்தப் பெண்கள் வனைந்த பானை, பால் கறந்த மூங்கில் குழல் ஆகியவையும் சில வீடுகளில் இருக்கின்றன. கோத்தர் இரும்பும் பானையும் தந்தார்கள், படகர் தானியம் தந்தார்கள் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள். பொருளைக் கையில் கொடுத்தால்தான் நம்புகிறார்கள். பித்தளைச் சாமான்களோ பெரும்பாலும் எடைக்குப் போய்விட்டன. விற்றவர்கள் நாங்கள்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை.

1868இல் நீலகிரியின் முதல் கமிஷனராகப் பொறுப்பேற்ற பிரீக்ஸ், ஒரு வகையில் தங்கள் இருக்கையின் முன்னோடி, இம்மலைகளில் பழங்கால ஈமச் சின்னங்களாக நிற்கும் கல்வட்டங்களைத் தோண்டினார். எருமையும் மானும் மூடிமேல் நிற்கும் மண்கலங்கள் கிடைத்தன. அவர் 1872இல் இறந்தார். எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. அவற்றைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க வரவில்லை, அங்கே ஈரமில்லாமல் நன்றாகவே இருக்கட்டும். அவற்றின் தெளிவான புகைப்படங்கள் தமிழ்க் குறிப்போடு எங்கள் ஊருக்கு வந்தால் போதும். இம்மண்ணில் கிடைத்ததைப் பார்க்க எங்கள் பிள்ளைகள் மலையிறங்கி, ரயிலேறிச் சென்னை போக வேண்டியிருக்கிறது.

எனவே, பூட்டிக் கிடக்கும் பழைய பள்ளிக் கட்டடத்தில் ஓர் அறையை ஓடு மாற்றி எங்களுக்கு ஒதுக்கித் தருமாறும், உதகை அரசு அருங்காட்சியகத்தினர் இரண்டு நாள் வந்து வீட்டுப் படங்களைப் பிரதியெடுக்கவும் பொருள்களைப் பதிவு செய்யவும் ஆணையிடுமாறும் வேண்டுகிறோம். மூலப் படங்கள் அந்தந்த வீட்டிலேயே இருக்கும். இதில் ஊர் மூத்தவர்கள் உறுதியாக இருக்கிறார்கள், அவர்கள் பக்கமே நியாயம் என்று நாங்களும் நினைக்கிறோம். படங்களில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய மூவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் பணி தொடங்கினால் நல்லது. அறையைக் கூட்டிப் பெருக்கி, வருபவர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் தருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கண்ணாடியோடு ஒட்டிய படத்தின் நகல், வீட்டுவாரியான பொருள் பட்டியல்.