கோதுமை உடைக்க ஊருக்கு ஓர் இயந்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நியாய விலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக வழங்கப்படும் கோதுமையைக் கடலோர மக்கள் விரும்புவதில்லை என்றும், வாங்குவோரிலும் சிலர் அதைக் கோழிக்குப் போட்டுவிடுகிறார்கள் என்றும் அவ்வப்போது குறை கூறப்படுகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முதல் தொண்டி வரையுள்ள ஊர்களின் அடுப்படியை ஓரளவு அறிந்தவன் என்ற முறையில், அந்தத் தானியத்தை உணவாக்குவதில் இங்குள்ள சிரமத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

கோதுமை நம் மாவட்டத்துப் பயிரன்று. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் அறுக்கப்படும் அதற்கு இளம்பருவத்தில் நீடித்த குளிர் வேண்டும். புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்காக வானம் பார்க்கும் நமக்கு மார்கழியிலும் அத்தகைய குளிர் வாய்ப்பதில்லை. பஞ்சாப், அரியானா, மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் கோடைத் தொடக்கத்தில் கொள்முதலாகும் கோதுமைதான் கிடங்குகளில் இருந்து நம்மிடம் வந்து சேருகிறது. ஈரப்பதம் 12 விழுக்காட்டைத் தாண்டாதவரை அது நெடுநாள் கெடாது. ஆனால் உப்புக்காற்று வீசும் ஊரில், அடைமழைக் காலத்தில், சரியாக மூடப்படாத டப்பாவில் கிடந்தால் விரைவிலேயே வண்டு விழுந்துவிடுகிறது.

உடனே அரைத்துவிடலாமே என்று கேட்கலாம். கல் பொறுக்கி, கழுவி, வெயிலில் உலர்த்திய பிறகே மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். மழை மாதங்களில் உலர்த்த வழியில்லை. வெயில் வந்ததும் மிளகாய்க் காலம் வந்துவிடுகிறது. ஆண்டுக்குத் தேவையான தூளை எல்லா வீடுகளிலும் அப்போதுதான் அரைப்பார்கள் என்பதால், ஒரே இயந்திரம் உள்ள சிற்றூர்களில் மிளகாய்க்கு அடுத்துப் போடப்படும் கோதுமை மாவும் உறைக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயின் பெருமையைச் சப்பாத்தியிலும் உணர வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. இத்தனை அலைச்சலுக்குப் பின் பாக்கெட் மாவே மேல் என்று தோன்றுவதும், இரவில் கடைப் பரோட்டாவோடு முடித்துக்கொள்வதும் இயல்புதான்.

இதில் இழப்பது சிறிதன்று. கோதுமை மணியில் ஏறத்தாழ 14 விழுக்காடு தவிடு, இரண்டு மூன்று விழுக்காடு முளை, மீதி வெண்மையான மாவுப்பகுதி. நார்ச்சத்து பெரும்பாலும் தவிட்டில்தான் இருக்கிறது. தவிடும் முளையும் நீக்கப்பட்டதே மைதா. அரிசியும் கோதுமையும் 100 கிராமுக்குத் தரும் ஆற்றல் ஏறக்குறைய 350 கலோரிதான் என்பதால், சோற்றை விட்டு அளவில்லாமல் சப்பாத்தி சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்குப் பெரிய பயன் எதுவும் கிடைப்பதில்லை. பயன் வேண்டுமானால் தவிடு நீக்காத கோதுமையை அளவோடு உண்ண வேண்டும்.

அப்படியானால் அரசே மாவாக வழங்கலாமே என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முளையில் உள்ள எண்ணெய், அரைத்த பின் காற்றுப்பட்டுக் காறல் வாடை அடிக்கத் தொடங்கும். முழுக்கோதுமை மாவை மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. தானியமாகத் தருவதே சரி. அதை மாவாக்கித்தான் உண்ண வேண்டும் என்ற எண்ணத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். மீன் குழம்புக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் சப்பாத்தி ஒருநாளும் இணையாகாது. ஆனால் குருணையாக உடைத்த கோதுமை சோறு போலவே வேகும், குழம்பையும் நன்றாக வாங்கிக்கொள்ளும். நோன்புக் கஞ்சிக்கும் அது பொருந்தும். ஒரு காலத்தில் பள்ளிகளில் பல்கர் கோதுமை (அவித்து உலர்த்தி உடைத்த கோதுமை) உப்புமா உண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் கோதுமை ரவை உப்புமாவும் இடம்பெற்றிருப்பதால் பிள்ளைகளுக்கும் அது புதிதன்று.

ஆகவே, கடலோர ஊராட்சிகளில் உள்ள மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கோதுமைக்கென்றே தனியாக ஓர் உடைப்பு இயந்திரமும், மழைக்காலத்தில் பயன்படும்படி கூரையுள்ள உலர்களமும் கிடைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். மிளகாயை அதில் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. குருணையும் அதிக நாள் தாங்காது என்பதால், இரண்டு மூன்று கிலோ கொண்டுவருபவரையும் திருப்பி அனுப்பாமல் உரிய கூலிக்கு உடைத்துத் தரும்படி விதி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தேவிபட்டினம்.