சொடுக்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐரோப்பாவின் பாதுகாப்பு பற்றி நான்கு பக்கக் கட்டுரை வந்திருந்தது. முதல் இரண்டு பக்கங்களை ஆர்வமாகத்தான் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "அமெரிக்கா விரலைச் சொடுக்கியதும் பின்லாந்தும் ஸ்வீடனும் ஓடிப்போய் நேட்டோவில் சேர்ந்துகொண்டன." அத்தோடு இதழை மூடி வைத்துவிட்டேன். நான்காம் பக்கத்தை மறுநாள்தான் திறந்தேன். அங்கே ஒரு வரைபடம் காத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் லால்குடிக்காரி. இருபத்திரண்டு வருடமாக ஹெல்சின்கியை ஒட்டிய வான்டாவில் குடியிருக்கிறேன். சொடுக்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஒருவேளை நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சொடுக்கினார்களோ என்னவோ.

இங்கே நேட்டோ என்ற ராணுவக் கூட்டணி வேண்டும் என்று சொன்னவர்கள் பல வருடமாக நாலில் ஒருவர் கணக்குத்தான். 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. சில நாட்களிலேயே அந்தக் கணக்கு பாதியைத் தாண்டியது. மே மாதத்தில் முக்கால் பங்கைத் தொட்டது. நாடாளுமன்றத்தில் இருக்கும் 200 பேரில் 188 பேர் ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். அப்புறம் அந்த "ஓடிப்போய்". மே 18-ஆம் தேதி விண்ணப்பம் கொடுத்தவர்கள், ஏற்கனவே உறுப்பினர்களான துருக்கியும் ஹங்கேரியும் மனமிரங்கும் வரை காத்திருந்து, 2023 ஏப்ரல் 4-ஆம் தேதிதான் உள்ளே போனார்கள். ஸ்வீடனுக்கு 2024 மார்ச் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் இதற்கு ஓடுவது என்று பெயரில்லை, கால்கடுக்க நிற்பது என்றுதான் பெயர்.

இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. தங்களைப் போன்ற அனுபவசாலிகளுக்கு நான் தேதி சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனாலும் அந்த வரி அச்சாகிவிட்டதே!

எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். தொண்ணூறு தாண்டியவர். பிறந்தது வீபுரியில், இன்றைக்கு அது ரஷ்யாவின் வைபோர்க். 1939 நவம்பர் 30-ஆம் தேதி சோவியத் படை இறங்கியபோது அவருக்கு ஐந்து வயது. 105 நாள் சண்டை முடிந்து ஒப்பந்தம் ஆனபோது வீபுரி இருந்த கரேலியா பகுதி பின்லாந்தின் கையை விட்டுப் போனது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு மேற்கே வந்தார்கள். அம்மா மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அழுதது மட்டும் நினைவிருக்கிறது என்பார். வருகிற போதெல்லாம் கரேலியப் பலகாரம் ஒன்று கொண்டுவருவார்: ரை என்ற தானியத்தின் மாவில் தொன்னை மாதிரி செய்து, உள்ளே குழைந்த அரிசிக் கஞ்சியை வைத்துச் சுட்டது. மேலே வெண்ணெயில் பிசைந்த வேகவைத்த முட்டை. முதல் தடவை சாப்பிட்டபோது, அரிசியும் பாலும் உப்பும் மட்டும் போட்டுப் பொங்கல் வைத்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

இந்தப் பாட்டிக்கு நேட்டோ பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரனோடு பேசித்தான் காலம் தள்ளவேண்டும் என்பதுதான் அவர் கட்சி. நாடே அப்படித்தான் காலம் தள்ளியது. 1944-க்குப் பிறகு சோவியத்துக்கு 300 மில்லியன் டாலர் போர் இழப்பீட்டைக் கப்பலாகவும் இயந்திரமாகவும் செய்து கொடுத்து, 1952-இல் கணக்கை முடித்தார்கள். 1948-இல் மாஸ்கோவோடு நட்பு ஒப்பந்தம். அந்த வருடங்களில் பேச்சை அளந்துதான் பேசினார்கள். (1941 முதல் 1944 வரை ஜெர்மனியோடு சேர்ந்து சண்டை போட்டதை நான் மறைக்கவில்லை. பாட்டியும் மறைப்பதில்லை.) 1975-இல் 35 நாடுகள் கூடி, எல்லையைப் பலவந்தமாக மாற்றமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டதும் இதே ஹெல்சின்கியில்தான். சோவியத் தலைவர் பிரெஷ்னெவும் போட்டார்.

எங்கள் கட்டடத்தின் அடியில் பதுங்கறை இருக்கிறது. 56 லட்சம் பேர் உள்ள நாட்டில் 48 லட்சம் பேருக்கு இப்படி இடம் உண்டு. கதவு ஒரு சாண் கனத்தில் இரும்பு. சாதாரண நாளில் அது பொருள் போடும் இடம். கம்பிவலை அடித்த கூண்டுகளில் சைக்கிள், பனிச்சறுக்குக் கட்டை, பழைய மெத்தை, என்னுடைய இட்லிக் குண்டான் எல்லாம் கிடக்கும். உத்தரவு வந்தால் 72 மணி நேரத்துக்குள் காலி செய்து ஆட்கள் இருக்கத் தயாராக்கவேண்டும். 2022 மார்ச் முதல் வாரத்தில் எந்த உத்தரவும் வரவில்லை. பாட்டி தானாகவே தன் கூண்டைக் காலி செய்ய ஆரம்பித்தார். பெட்டிகளை மாடிப்படி வரை தூக்கிக் கொடுத்தது நான். ஒன்பது பெட்டி. ஒன்றுமே பேசவில்லை. கடைசிப் பெட்டியில் கிறிஸ்துமஸ் பொம்மைகள் இருந்தன. அதைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டார். எந்த வாஷிங்டன் விரல் இந்தப் பாட்டியைச் சொடுக்கியது என்று தங்கள் கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்வீர்களா?

என் மகன் போன வருடம்தான் 347 நாள் கட்டாய ராணுவ சேவை முடித்து வந்தான். ஸ்வீடன் 2010-இல் கட்டாய சேவையை நிறுத்திவிட்டுப் பிறகு திரும்பக் கொண்டுவந்தது. ஜெர்மனி 2011-இல் நிறுத்தியது. பின்லாந்து நிறுத்தவே இல்லை. ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை இருப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. சனிக்கிழமை விடுப்பில் ஈர பூட்ஸோடு வந்து, நின்றபடியே ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பான். நேட்டோவில் சேருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இந்த நாட்டில் ஒவ்வொரு அம்மாவும் இப்படித்தான் டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்த டம்ளரில் ரசம் இருக்காது, அவ்வளவுதான்.

சொல்ல ஆரம்பித்தபின் பழையதையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குக் கடலடியில் வரும் எரிவாயுக் குழாயைத் தங்கள் இதழ் "ராஜதந்திரத்தின் உச்சம்" என்று பாராட்டியது. வியாபாரம் பெருகினால் பகை குறையும் என்பது பெர்லினின் கணக்கு. அந்த வருடம் ஜெர்மனி வாங்கிய எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. போலந்தும், பால்டிக் நாடுகளான எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியாவும் வேண்டாம் வேண்டாம் என்று கத்தின. இதை இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். தாங்கள் வெளியிட்டது ஒரே ஒரு வாக்கியம்: "தங்கள் இதழின் அட்டைப்படம் அருமை." அதற்கு மேலே தலைப்பு, "வெளிநாட்டு வாசகியின் பாராட்டு." ஊரிலிருந்து அண்ணி போன் செய்து வாழ்த்தினார்.

2022 ஜூனில் நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், தன் பிரச்சினைதான் உலகத்தின் பிரச்சினை என்று ஐரோப்பா நினைப்பதைக் கண்டித்தார். ஊரில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் அதில் கோபமில்லை. அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் ஐரோப்பா என்றால் லண்டனும் பாரிஸும் பெர்லினும் மட்டுமா? நம்மை அடிமைப்படுத்தியவர்கள் மீதுள்ள கோபத்தை, நூறு வருடம் முன்பு வரை தாமே ரஷ்ய ஜார் மன்னரின் ஆட்சியில் இருந்த பின்லாந்துக்காரர்கள் மீது காட்டுவது என்ன கணக்கு?

2024 கிறிஸ்துமஸ் அன்று எஸ்டோனியாவுக்குப் போகும் கடலடி மின்கம்பி அறுந்தது. குக் தீவுகளின் கொடி கட்டிய எண்ணெய்க் கப்பல் ஒன்று நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போனதாகப் பிடித்தார்கள். கடைசியில், சம்பவம் நடந்த இடம் தன் அதிகார வரம்பில் இல்லை என்று ஹெல்சின்கி நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. இங்கே தலைவலி இப்படித்தான் வருகிறது: போர் என்றும் சொல்லமுடியாது, விபத்து என்றும் விடமுடியாது. இதைப் பற்றித் தங்கள் நான்கு பக்கத்தில் ஒரு வரி இல்லை. சொடுக்குவதற்கு மட்டும் இடமிருந்தது.

சரி, வரைபடம். போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவில் இருக்கும் கலினின்கிராட் ரஷ்யாவுடையது என்பது தங்களுக்குத் தெரியும். தங்கள் படத்தில் அதற்கும் போலந்துக்கும் ஒரே பச்சை. ஒரு பக்கம் கலினின்கிராட், மறுபக்கம் பெலாரஸ், நடுவில் போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் பொதுவான சுமார் நூறு கிலோமீட்டர் எல்லை. மூன்று பால்டிக் நாடுகளையும் மற்ற நேட்டோ நாடுகளோடு தரைவழியாக இணைப்பது அது ஒன்றுதான். கலினின்கிராடைப் பச்சையாக்கிவிட்டால் இந்தக் கவலை எல்லாம் எதற்கென்றே வாசகருக்குப் புரியாது.

அடுத்த இதழில் அந்தப் படத்தைச் சரியான நிறத்தில் மறுபடி போடுங்கள். அந்த வரிக்கு ஒரு சிறு திருத்தம், இரண்டு வரி போதும். கட்டம் கட்டக்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
வான்டா, பின்லாந்து.

பி.கு.: தீபாவளி மலர் இன்னும் வந்து சேரவில்லை. பணம் ஆகஸ்டிலேயே கட்டியாகிவிட்டது. இந்த முறை அட்டைப்படம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆகவே பாராட்டாக எதையும் வெட்டி எடுக்க வழியில்லை.