எந்த நிரலை ஓட்டி அளந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி மொழிகளின் வேகத்தை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையையும், அதனுடன் இருந்த வரிசைப் பட்டியலையும் படித்தேன். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையோர மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி அறிவியல் கற்பித்து வருகிறேன். கட்டுரை வந்த மறுநாளே என் பிளஸ் டூ மாணவர்கள் இருவர் அந்தப் பட்டியலைக் கத்தரித்து எடுத்து வந்து, "டீச்சர், பைத்தான் சி-யைவிட 72 மடங்கு மெதுவாம். அப்புறம் எதுக்கு நாம இதைப் படிக்கிறோம்?" என்று கேட்டார்கள். அதற்குச் சில நாள் முன்புதான், நகரத்துத் தனியார் பயிற்சி மையம் ஒன்று இதே போன்ற ஓர் எண்ணைச் சுவரொட்டியில் அச்சிட்டு, பள்ளியில் படிப்பது மெதுவான மொழி, வேகமான மொழியை எங்களிடம் கற்கலாம் என்று விளம்பரம் செய்திருந்தது. அதை நம்பி, கருவாடு வியாபாரத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கட்டணமாகக் கட்டிவிட்டு வந்து, "நான் செஞ்சது சரிதானே டீச்சர்?" என்று கேட்ட ஒரு தாயாருக்கு என்னால் நேரடியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வருத்தமே இக்கடிதத்தை எழுத வைத்தது.

72 என்ற எண் பொய்யல்ல. போர்ச்சுக்கல் நாட்டு ஆய்வாளர்கள் 2017-இல் 27 மொழிகளை எடுத்துக்கொண்டு, பத்துக் கணக்குகளை ஒவ்வொரு மொழியிலும் ஓட்டி, செலவாகும் மின்சாரத்தையும் நேரத்தையும் அளந்து வெளியிட்ட ஆய்விலிருந்து அது வருகிறது. சி மொழி எடுத்துக்கொண்ட நேரத்தை 1 என்று வைத்தால் பைத்தானுக்கு 71.90 என்று அந்த அட்டவணை கூறுகிறது. ஆனால் அதே அட்டவணையில் ஜாவாஸ்கிரிப்டுக்கு 6.52 என்றும் டைப்ஸ்கிரிப்டுக்கு 46.20 என்றும் இருக்கிறது. டைப்ஸ்கிரிப்டில் எழுதிய நிரல், தரவின் வகையைக் குறிக்கும் சொற்கள் நீக்கப்பட்டு, ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்பட்ட பிறகே ஓடுகிறது. ஓடுவது இரண்டிலும் ஜாவாஸ்கிரிப்டே என்னும்போது ஒன்று மற்றொன்றைவிட ஏழு மடங்கு மெதுவாக இருக்க மொழியில் காரணம் எதுவும் இல்லை. அந்தக் கணக்குகளில் ஏதோ ஒன்றுக்கு அங்கே எழுதப்பட்டிருந்த நிரல் வேறு விதமாக, மெதுவாக எழுதப்பட்டிருந்தது என்பதே பொருள். ஆய்வாளர்கள் எந்த நிரல்களை ஓட்டினார்கள் என்பதை மறைக்கவில்லை. பட்டியலை அங்கிருந்து எடுத்து வேறிடத்தில் அச்சிடுகிறவர்கள்தான் அந்தத் தகவலை விட்டுவிடுகிறார்கள்.

பைத்தான் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதும் மாணவர்க்குத் தெரிய வேண்டிய செய்தி. சி-இல் ஒரு சாதாரண முழு எண் நினைவகத்தில் 4 பைட் இடம் பிடிக்கிறது. இரண்டு எண்களைக் கூட்டுவது, கணினியின் மூளையான செயலிக்கு (ப்ராசசர்) ஒரே கட்டளை. பைத்தானில் 1 என்ற சிறிய எண்ணுக்கே 28 பைட் தேவைப்படுகிறது. ஏனென்றால் அது வெறும் எண்ணாக இல்லாமல், தன் வகை என்ன, நிரலில் எத்தனை இடங்களில் தான் பயன்படுகிறது என்ற குறிப்புகளையும் சுமந்துகொண்டு இருக்கிறது, கூட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்புகள் சரிபார்க்கப்படுகின்றன. இதற்கு ஒரு பலனும் உண்டு. 1 முதல் 65,535 வரை கூட்டினால் வருவது 2,14,74,50,880. அடுத்த எண்ணையும் சேர்த்தால், சி-யின் சாதாரண முழு எண் தாங்கக்கூடிய 2,14,74,83,647 என்ற எல்லையைத் தாண்டிவிடும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராமல் தவறான விடையை, பெரும்பாலும் எதிர்ம எண்ணாக, காட்டும். எல்லையை முன்கூட்டியே அறிந்து பெரிய எண்ணைத் தாங்கும் வகையைத் தேர்ந்து எழுதுவது நிரலாளரின் பொறுப்பு. பைத்தானில் அந்தக் கவலை இல்லை, விடை சரியாகவே வரும். முதலாண்டு கற்கும் பிள்ளைக்கு எது நல்லது என்பதை 72 என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவுசெய்ய முடியுமா?

சென்ற ஆண்டு என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மண்டபத்தில் மீன் கமிஷன் கடை வைத்திருக்கும் தன் சித்தப்பாவுக்காக ஒரு மாணவன் பைத்தானில் ஒரு நிரல் எழுதினான். மூன்று ஆண்டு ஏலச் சிட்டைகள், மொத்தம் சுமார் 20,000 வரிகள். ஒவ்வொரு வரியிலும் தேதி, படகுக்காரர் பெயர், மீன் வகை, எடை, தொகை. ஒவ்வொரு படகுக்காரருக்கும் மொத்தம் எவ்வளவு சேர வேண்டும் என்று அந்த நிரல் சொல்ல வேண்டும். விடை சரியாகவே வந்தது, ஆனால் வருவதற்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆயிற்று. "பைத்தான்ல எழுதினா அப்படித்தான், சி++-க்கு மாத்து" என்று வெளியில் யாரோ சொல்ல, அவன் பெரும்பாடுபட்டு, சி-யிலிருந்து வளர்ந்த அந்த மொழிக்கு மாற்றி எழுதி, சில நொடிகளில் விடை வந்ததும் மகிழ்ச்சியோடு என்னிடம் காட்டினான்.

இருவரும் உட்கார்ந்து, முதலில் எழுதிய பைத்தான் நிரலைப் பார்த்தோம். அவன் ஒவ்வொரு சிட்டை வரியை எடுக்கும்போதும், அந்தப் பெயருக்குரிய தொகையைக் கூட்டுவதற்காகப் பட்டியல் முழுவதையும் முதல் வரியிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தான். 20,000 வரிக்கு 20,000 முறை என்றால் 40 கோடி ஒப்பீடுகள். கடையில் கணக்கு எழுதும் அவன் சித்தப்பா அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு படகுக்காரருக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, சிட்டை வந்ததும் அந்தப் பக்கத்தைத் திருப்பித் தொகையை ஏற்றிவிடுகிறார். பைத்தானில் அந்தப் பேரேட்டுக்குப் பெயர் டிக்‌ஷனரி. பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்த உள் மடக்கை (லூப்) நீக்கி, டிக்‌ஷனரியை வைத்து ஆறே வரிகளில் எழுதினோம். 40 கோடி ஒப்பீடுகள் 20,000 பதிவுகளாகக் குறைந்தன. என்டர் விசையிலிருந்து அவன் விரலை எடுப்பதற்குள் விடை திரையில் இருந்தது. மெதுவான மொழி என்று கைவிடப்பட்ட பைத்தான், அவனுடைய சி++ நிரலைவிடப் பல மடங்கு வேகமாக ஓடியது. சி++ மொழியிலும் இதே முறையில் எழுதினால் அது இன்னும் வேகமாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிற வேலையை அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிப்பதால் அந்தக் கடைக்கு என்ன ஆதாயம்?

அளப்பதிலும் எளிதாக ஏமாந்துபோகலாம். 1 முதல் 100 கோடி வரை கூட்டும் மடக்கை இரு மொழிகளிலும் எழுதி ஆய்வகத்தில் நேரம் பார்த்தோம். பைத்தான் ஒரு நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. வேகத்தைக் கூட்டும் தெரிவோடு கம்பைல் செய்த, அதாவது எந்திரக் கட்டளைகளாக மாற்றிய, சி++ நிரல் காட்டிய நேரம் பூஜ்யம். மாணவர்கள் கைதட்டினார்கள். நான் அவர்களிடம், கூட்டிய விடையை நிரல் எங்கே அச்சிடுகிறது என்று கேட்டேன், எங்கும் அச்சிடவில்லை. யாருக்கும் பயன்படாத விடை என்று கண்ட கம்பைலர் அந்த மடக்கையே நீக்கிவிட்டது. ஒரு கூட்டல்கூட நடக்கவில்லை. விடையை அச்சிடச் சொன்னாலும், இந்த மாதிரி மடக்கை அடையாளம் கண்டு, நாம் பத்தாம் வகுப்பில் படித்த சூத்திரத்தால் ஒரே பெருக்கலில் முடித்துவிடும் கம்பைலர்கள் உள்ளன. செய்யாத வேலைக்கு நேரம் அளந்து, அதை வேகம் என்று எழுதிவைப்பது எத்தனை எளிது என்பதை அன்று அவர்கள் நேரில் கண்டார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் மின்விசிறி மட்டுமே உண்டு. மார்ச் மாத நண்பகலில் மடிக்கணினி சூடேறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே முதல் ஓட்டத்துக்கும் பத்தாவது ஓட்டத்துக்கும் நேரம் மாறும். ஜாவா போன்ற மொழிகளில் நிலைமை தலைகீழ்: அடிக்கடி ஓடும் பகுதிகளை ஓட்டத்தின் நடுவிலேயே எந்திரக் கட்டளைகளாக மாற்றிக்கொள்வதால், தொடக்கத்தில் மந்தமாக இருந்து போகப் போக வேகம் பிடிக்கும். ஒரே ஒரு முறை ஓட்டி எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு இரு மொழிகளை ஒப்பிடவே கூடாது.

மொழியின் பங்கு எவ்வளவு, எழுதும் முறையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டிய ஓர் ஆய்வைத் தங்கள் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சார்லஸ் லைசர்சன் முதலானோர் 2020-இல் 'சயின்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள். வரிசைக்கு 4,096 எண்கள் வீதம் 4,096 வரிசைகள் கொண்ட இரண்டு சதுர அணிகளை (எண் கட்டங்களை) பெருக்க வேண்டும். மூன்று மடக்குகள் கொண்ட நேரடி நிரலைப் பைத்தானில் எழுதியபோது 25,552 நொடிகள், அதாவது ஏழு மணி நேரம் ஆயிற்று. ஜாவாவில் சுமார் 40 நிமிடங்கள். சி-இல் சுமார் 9 நிமிடங்கள். மொழியை மாற்றியதால் மட்டும் கிடைத்தது 47 மடங்கு. பிறகு சி-யிலேயே இருந்துகொண்டு, வேலையைச் செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் 18 உட்கருக்களுக்கும் (கோர்) பங்கிட்டு, செயலியின் அருகிலுள்ள சிறிய நினைவகத்தில் அடங்கும்படி அணிகளைத் துண்டுகளாக்கி, ஒரே கட்டளையில் பல எண்களைப் பெருக்கும் வசதியையும் பயன்படுத்தியபோது, நேரம் 0.41 நொடியாகக் குறைந்தது. தொடக்கத்தோடு ஒப்பிட்டால் 62,000 மடங்குக்கும் மேல். முதல் 47 மடங்கு தவிர மீதி எல்லாம் எந்திரத்தை அறிந்து எழுதியதால் வந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அதே பெருக்கலைப் பைத்தானில் நம்பை (NumPy) என்ற ஆயத்த நிரல் தொகுப்பை அழைத்து ஒரே வரியில் எழுதினால், எங்கள் ஆய்வக மடிக்கணினியிலேயே சில நொடிகளில் முடிகிறது; ஏனெனில் உண்மையில் பெருக்குவது உள்ளே இருக்கும், சி போன்ற மொழிகளில் நுணுக்கமாக எழுதப்பட்ட நிரல். இதைப் பைத்தானின் வேகம் என்று எழுதுவதா, சி-யின் வேகம் என்று எழுதுவதா?

வேகம் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவே முடியாது. அலை எவ்வளவு உயரம் எழும், கடலுக்குப் போகலாமா கூடாதா என்று பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஏர்வாடியிலும் எங்கள் மாணவர்களின் தந்தையர் கேட்டறியும் முன்னறிவிப்புகள், ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்திலிருந்து வருகின்றன. அங்கே அலைகளைக் கணிக்கப் பயன்படும் வேவ்வாட்ச் என்னும் நிரல், 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. நாளைய அலையின் கணக்கு நாளை மறுநாள் முடிந்தால் அதனால் யாருக்கும் பயனில்லை. ஆகவே அங்கே ஒவ்வொரு மடங்கு வேகமும் பொருளுள்ளது. வரிசை வரிசையான எண்களைக் கணக்கிடும் வேலைக்கென்றே பிறந்து, பலமுறை திருத்தப்பட்டு வந்த மொழி அது என்பதால், அறுபது ஆண்டுகளைக் கடந்தும் அந்த இடத்தில் நிற்கிறது. ஆனால் அந்தக் கணிப்பின் விடைகளைப் படித்து வரைபடமாக்கும் வேலையைப் பைத்தானில் செய்வது உலகெங்கும் வழக்கம். இரண்டு மொழிகளும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு ஓடச் சொல்லி அங்கே யாரும் சுவரொட்டி ஒட்டுவதில்லை.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். மொழிகளின் வேகப் பட்டியலை இனி வெளியிடும்போது, ஓட்டிய நிரல் என்ன வேலை செய்தது, எந்த எந்திரத்தில், மொழியின் எந்தப் பதிப்பில், எத்தனை முறை ஓட்டி அளந்தார்கள் என்ற விவரங்களையும் பட்டியலின் கீழேயே அச்சிட வேண்டும். பதிப்பு ஏன் என்றால், 2022-இல் வந்த பைத்தான் 3.11, அதற்கு முந்தைய பதிப்பைவிடச் சராசரியாக 25 விழுக்காடு வேகமானது என்று அதை உருவாக்கியவர்களே அறிவித்தார்கள். பழைய எண்களை அப்படியே எடுத்து அச்சிட்டால் அவை இன்றைய நிலையைக் காட்டமாட்டா.

பாடத்திட்டம் வகுப்போரிடமும் ஒன்று கேட்கிறேன். நம் மாணவர்கள் பதினோராம் வகுப்பில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் படிக்கிறார்கள். சி++ நிரலைப் பைத்தானிலிருந்து இயக்கும் பாடம்கூடப் பாடநூலில் இருக்கிறது. செய்முறைப் பயிற்சிகளில் ஒன்றாக, ஒரே கணக்கை இரு மொழிகளிலும் இரண்டு வெவ்வேறு முறைகளிலும் எழுதி, ஒவ்வொன்றையும் பத்து முறை ஓட்டி, நேரத்தை அட்டவணையாக்கி, வேறுபாட்டுக்குக் காரணம் எழுதும் பயிற்சியைச் சேர்க்கலாம். புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு பாடவேளைகள் போதும். எங்கள் பள்ளியில் சிட்டை வரிகளை வைத்து இதைச் செய்து பார்த்துவிட்டோம். அந்த நிரல்களையும், படகுக்காரர் பெயர்களை நீக்கிய தரவுக் கோப்பையும், கேட்கும் ஆசிரியர் எவருக்கும் அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியை,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.