இந்த வார தியானம்: வெதுவெதுப்பு

அன்பானவர்களே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இந்த வாரம் வெளிப்படுத்தின விசேஷம் 3:14-22 வாசித்துவிட்டு வாருங்கள். லவோதிக்கேயா ஊர் சபைக்கு எழுதிய பகுதி: நீ குளிருமல்ல, அனலுமல்ல, வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்று கர்த்தர் கடிந்துகொள்கிறார்.

அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. அருகே எராப்போலி என்ற ஊரில் வெந்நீர் ஊற்றுகள். லவோதிக்கேயாவுக்கோ தண்ணீர் வெளியிலிருந்து குழாயில் வர வேண்டும். அந்தக் குழாய்கள் இன்றும் கிடக்கின்றன, உள்ளே சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்து. "வெதுவெதுப்பு" என்றதும் தங்கள் தண்ணீரை நினைத்து அந்த ஊராருக்குச் சுருக்கென்று பட்டிருக்கும். அவர்கள் கர்த்தரை மறுதலித்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை என்று இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருப்பதே அதுதான்.

அப்புறம், இதற்கு நேரெதிராக, யோவான் 12:1-8. லாசருவின் சகோதரி மரியாள் ஊற்றிய நளதம் என்னும் வாசனைத் தைலம் முந்நூறு பணம் பெறும். கூலிக்காரனுக்கு நாளுக்கு ஒரு பணம் என்றால், கிட்டத்தட்ட ஒரு வருட உழைப்பு! அதை இயேசுவின் பாதங்களில் பூசி, தன் தலைமயிரால் துடைத்தாள். வீடு முழுவதும் மணந்தது. இதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் பார்த்தவன் சீஷன் யூதாஸ்.

சத்தமாகப் பாடுவதுதான் வைராக்கியம் என்று நினைக்க வேண்டாம். மெல்லிய குரலில், ஒரு நாளும் விடாமல் ஜெபிக்கிறவர்களும் அனலாயிருக்கிறவர்களே.

ஆரம்ப அன்பு தணிந்துபோயிருந்தால் மறைக்காதீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே குருவாகி ஏறக்குறைய 10 வருடம் கழித்துத்தான், 1738 மே 24 அன்று, தன் இருதயம் அனல்கொண்டதாக எழுதினார். குழுவில் சொல்லத் தயக்கமென்றால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பெயர் சொல்லாமல் சேர்ந்து ஜெபிப்போம்.