கல்லைக் கழுவாதீர்கள், கிடந்த இடத்தைக் குறித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரியைத் தூர்வாரும்போதும் கிணறு வெட்டும்போதும் கற்காலக் கருவிகள் கிடைத்ததாக நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. கூடவே வரும் படத்தில், தேய்த்துக் கழுவிய ஏழெட்டுக் கற்கள் மேசைமேல் வரிசையாக இருக்கும். கிடைத்த இடம் ‘ஊருக்கு மேற்கே’ என்பதோடு முடிந்துவிடும். கண்டெடுத்தவர்களின் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் அந்தக் கற்களைக் கொண்டு அறியக்கூடியதில் பெரும்பகுதி, படம் எடுப்பதற்கு முன்பே போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கிடந்த அடுக்கு தெரிந்த கல்லுக்கும் தெரியாத கல்லுக்கும் உள்ள வேறுபாடு நம் மண்ணில் தொடக்கத்திலேயே தெரிந்த ஒன்று. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் எடுத்த கருவி, சரளைக் குழியிலிருந்து தோண்டிப் போட்ட குவியலில் கிடந்தது. அது எந்த மண் அடுக்கில் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் உடன் பணியாற்றிய நிலவியலாளர் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம் ஓடைக்கரையில், சரளை அடுக்குக்குள் பதிந்திருந்த நிலையிலேயே கருவிகளைக் கண்டார்கள். மனிதனின் தொன்மையைப் பேச அதுதான் வலுவான சான்று.

அதே அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 1999 முதல் அகழாய்வு செய்தார்கள். கைக்கோடரிகள் (இரு முகமும் செதுக்கிய, கையில் பிடிக்கும் கற்கருவிகள்) இருந்த அடுக்குக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் அறிவித்தார்கள். அதற்கு மேலே உள்ள இடைப் பழைய கற்கால அடுக்குகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்குகின்றன என்பது 2018இல் வந்த முடிவு. இந்த வயதுகளைக் கணித்த முறையைத் தெரிந்துகொண்டால், தோண்டி எடுப்பதால் என்ன கெடுகிறது என்பது விளங்கும். தரைமேல் கிடக்கும் குவார்ட்சைட் என்ற கடினமான கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் சேர்கின்றன. கல் ஆழமாகப் புதைந்ததும் இவை புதிதாகச் சேர்வது ஏறக்குறைய நின்றுபோய், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. மிஞ்சியிருக்கும் விகிதத்தை வைத்துத்தான் கல் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடுகிறார்கள். எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று தெரியாத கல்லுக்கு இந்தக் கணக்கு பலிக்காது. இன்னொரு முறை, கருவியைச் சுற்றியுள்ள மண் துகள்கள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தன என்பதை அளப்பது. அதற்கான மண்ணை வெளிச்சம் படாமல் இரும்புக் குழாயை அடித்துத்தான் எடுப்பார்கள். ஆர்வத்தில் குழிச்சுவரைச் சுரண்டிக் கருவியைப் பெயர்த்தால், அதை ஒட்டியிருந்த மண் வெயிலைப் பார்த்துவிடும். அந்த மண்ணை வைத்து அளக்க எதுவும் மிஞ்சாது.

அடுத்து, கிடைத்தது கருவிதானா என்ற கேள்வி. கூர்மையாக உடைந்த கல்லெல்லாம் கருவி ஆகாது. மனிதன் தட்டிப் பெயர்த்த சில்லில் அடி விழுந்த சிறு தளம் ஒரு முனையில் இருக்கும். அதற்குக் கீழே உட்புறத்தில் விரலால் தடவினால் தட்டுப்படும் மேடு இருக்கும், அதிலிருந்து மெல்லிய அலைவரிகள் விரியும். கைக்கோடரியில் இரு முகத்திலும் மாறி மாறிச் சில்லு பெயர்த்த பள்ளங்கள் விளிம்பு நெடுகச் சந்திக்கும், விளிம்பின் கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருக்கும். ஆற்றில் உருண்டு மோதிய கல்லில் உடைவுகள் ஒழுங்கின்றி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் தேய்ந்து காணப்படும். ஜேசிபி பட்டு உடைந்த கல்லின் முகம் வெளிறிப் புதிதாகத் தெரியும், பல நேரம் இரும்பு உரசிய கோடும் இருக்கும். பழைய பள்ளங்களோ செம்மண் நிறமேறி, கல்லின் மற்றப் பரப்பைப் போலவே மங்கியிருக்கும். சாலையோரத்தில் கிடைத்தால் அந்தக் கிராவல் எங்கிருந்து லாரியில் வந்தது என்று ஊராரைக் கேட்க வேண்டும். கருவி உண்மையாகவே இருக்கும், ஆனால் அதன் இடம் இருபது கிலோமீட்டர் தள்ளிய குவாரியாக இருக்கலாம்.

கருவியைக் கண்டால் எடுப்பதற்கு முன் கிடந்தபடியே படம் பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஆறங்குல ஸ்கேலோ ஒரு ரூபாய் நாணயமோ வைத்துக் கிட்டத்தில் ஒன்று, குழிச்சுவர் முழுதும் தெரிய ஒன்று, தூரத்து மரமோ கோயிலோ தெரிய ஒன்று. போனில் இருப்பிடம் இயங்க வேண்டும். சர்வே எண், தரையிலிருந்து ஆழம், சுவரில் பதிந்திருந்ததா, குழியின் அடியிலா, தோண்டிப் போட்ட மண்ணிலா என்பதைத் தாளில் எழுதிவிடுங்கள். சுவரில் பதிந்திருப்பதை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி. மண் குவியலில் கிடந்து, லாரியில் ஏறிப் போய்விடும் என்ற நிலை இருந்தால் மட்டும் எடுக்கலாம். ஒவ்வொரு கல்லும் தனி உறையில், தனிச் சீட்டோடு இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டால் விளிம்புகள் ஒன்றோடொன்று மோதிச் சிறு சில்லுகள் பெயரும். அந்தப் புது உடைவு, அன்றைய மனிதன் விளிம்பைச் செதுக்கியதைப் போலவே தோன்றி ஆய்வாளரை ஏமாற்றும். கல்லைக் கழுவ வேண்டாம்; பிரஷ், அமிலம், எண்ணெய், மார்க்கர் பேனா எதுவும் வேண்டாம்.

அழகான கைக்கோடரியை மட்டும் பொறுக்கிக்கொண்டு சில்லுகளை உதறிவிடுவது இன்னொரு பெருங்கேடு. கருவியை அங்கேயே செய்தார்களா, செய்து கொண்டுவந்தார்களா என்பது கழிவுச் சில்லுகளைக் கொண்டுதான் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிகளில் (செம்மணல் மேடுகளில்) கிடைக்கும் நுண்கற்கருவிகள் பல விரல் நகத்தளவே இருக்கும், பெரிய கல்லையே தேடும் கண்ணுக்கு அவை படுவதில்லை. சேலம், தருமபுரிப் பக்கத்து மலையூர்களில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளை மரத்தடியில் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். அவற்றை ஊரார் சம்மதத்தோடு படம் எடுத்தால் போதும், எடுத்துவரத் தேவையே இல்லை.

தகவலைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ, மாநிலத் தொல்லியல் துறையிடமோ, மாவட்ட அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமோ எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையும் வாங்க வேண்டும். அனுமதியின்றி அகழக் கூடாது. தொல்பொருள்களை உரிமமின்றி வணிகம் செய்வதும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உண்மையான கருவியைக் கண்ணால் பார்த்துப் பழக விரும்புவோருக்குப் திருவள்ளூர் மாவட்டப் பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்தியை வெளியிடும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, வயலையோ ஓடையையோ அடையாளம் காட்டாதீர்கள். அடுத்த ஞாயிறே அங்கே கடப்பாரையோடு ஆள் போகிறார்கள். அடுக்கை ஆராயாமல் ‘பத்து லட்சம் ஆண்டுப் பழமை’ என்று தலைப்பிடவும் வேண்டாம். படத்தில் ஸ்கேல் இல்லையென்றால், அனுப்பியவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
தொல்லியல் களப்பணியில் உள்ள வாசகர்,
திருவள்ளூர்